அந்த முதியவர் என்ன வேலை செய்தார்?

கபிலவஸ்துவின் வீதியில் தேரேறிச் சென்ற இளவரசர் சித்தார்த்தர், வாழ்வில் முதன்முறையாக ஒரு முதியவரைக் கண்டார். நரைத்த தலை, வளைந்த முதுகு, கோலூன்றிய கை. இவருக்கு ஏன் இந்த நிலை என்று தேரோட்டியிடம் வினவினார். இது முதுமை, பிறந்தோர் அனைவருக்கும் உரியது, தங்களுக்கும் உரியது என்பது தேரோட்டி தந்த விடையின் சாரம். அந்த விடை இளவரசரின் உள்ளத்தை உலுக்கியது. பின்னர் அவர் நோயாளியைக் கண்டார், பிணத்தைக் கண்டார், துறவியைக் கண்டார். அரண்மனையைத் துறந்தார். உலகம் ஒரு புத்தரைப் பெற்றது.

தேரோட்டி சொன்னது முழு உண்மை. ஆயினும் அந்த வீதியில் கேட்கப்படாமல் போன வேறு சில கேள்விகளும் உண்டு. அந்த முதியவருக்கு வயது எத்தனை? எழுபதா, நாற்பத்தைந்தா? வாழ்நாளெல்லாம் அவர் என்ன வேலை செய்தார்? அவர் முதுகை வளைத்தது காலம் மட்டும்தானா, அவர் சுமந்த மூட்டைகளுமா? இரவில் அவருக்கு மூச்சு முட்டினால் எழுந்து வந்து நீர் கொடுப்பவர் யார்?

இளவரசரின் தேடலுக்கு இக்கேள்விகள் தேவைப்படவில்லை. எல்லா உயிர்களுக்கும் பொதுவான துன்பத்தின் வேரை அவர் தேடினார். ஆனால் அந்த முதியவரின் அண்டை வீட்டாருக்கும், அவருக்கு மருந்து கொடுக்கும் மருத்துவருக்கும், அவரது ஊரை ஆள்பவருக்கும் இக்கேள்விகள் தேவை. முதுமை யாவர்க்கும் பொது என்பது ஒரு விடை. 'இந்த மனிதர் ஏன் இவ்வளவு விரைவில், இவ்வளவு துன்பத்தோடு முதுமை அடைந்தார்?' என்பது வேறொரு கேள்வி. முதலாவதன் விடையை இரண்டாவதற்கு விடையாகச் சொல்லிவிடலாமா? இக்கட்டுரை ஆராய முற்படும் அறவினா இதுவே. இதை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான ஓர் ஊர் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

தங்கம் விளைந்த மண்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், தமிழக ஆந்திர எல்லைகளுக்கு அருகே அமைந்துள்ளது கோலார் தங்க வயல். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்குப் பெரிய அளவில் தங்கம் தோண்டத் தொடங்கியது. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த தமிழர்கள். பிறந்த ஊரில் நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை. சுரங்கத்தில் கூலியாவது கையில் கிடைத்தது.

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்குப் பின்னர்தான். வெள்ளைக்கார அதிகாரிகளின் மாளிகைகளும் குளிர்ந்த காற்றும் கண்டு இவ்வூரை 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தனர். தொழிலாளர்கள் வாழ்ந்ததோ 'லைன்' எனப்பட்ட வரிசைக் குடிசைகளில். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு.

இந்தச் சுரங்க ஊர் மக்களிடையே புத்தரின் வரலாறு வெறும் பழங்கதையாக இருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சித்த மருத்துவரும் சிந்தனையாளருமான அயோத்திதாசப் பண்டிதர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் செயல்பட்டன. பகலெல்லாம் பாறையைத் துளைத்தவர்கள் மாலையில் கூடி மானுட சமத்துவம் பற்றிப் பேசினார்கள், படித்தார்கள், விவாதித்தார்கள். அவர்களை வெறும் கூலிகளாகவோ, பின்னாளில் வெறும் நோயாளிகளாகவோ காண்பது எவ்வளவு குறைபட்ட பார்வை என்பதற்கு இது ஒரு சான்று.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரையில் இம்மண் தந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். எடுக்கப்பட்ட தங்கம் ஆண்டுதோறும் எடைபோட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. எடுத்தவர்களின் உடலில் தங்கியது எவ்வளவு என்பதை யார் எடைபோட்டார்கள்?

தூசியின் கணக்கு

தங்கம் படிந்திருந்த பாறை குவார்ட்ஸ். அதைத் துளைக்கும்போதும் வெடிக்கும்போதும் உடைக்கும்போதும் சிலிக்கா என்னும் நுண்தூசி எழுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்ணிய துகள்களே மிகக் கொடியவை. அவை நுரையீரலின் அடி ஆழம் வரை சென்று தங்கிவிடுகின்றன. அவற்றை அழிக்க முயலும் உடலின் காவல் அணுக்கள் தாமே அழிகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்புகள் பெருகி நுரையீரல் விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய்.

இந்நோயின் மூன்று இயல்புகள் சிந்திக்கத்தக்கவை. முதலாவது, பெரும்பாலும் இது உடனே வெளிப்படுவதில்லை. தூசியைச் சுவாசித்துப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே மூச்சிரைப்பு தொடங்கும். இரண்டாவது, வேலையை விட்டுவிட்டாலும் இது நிற்பதில்லை. தூசியில்லாத இடத்தில் வாழ்ந்தாலும் உள்ளே தங்கிய தூசி தன் வேலையைத் தொடரும். மூன்றாவது, இது காசநோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இருமலோடு வருபவரிடம் காசநோய் மட்டுமே கண்டறியப்பட்டால், அதற்கு வழி வகுத்த தூசி மறைந்து போகிறது. ஐம்பது வயதில் படியேற முடியாமல் மூச்சு வாங்கும் ஒருவரைக் கண்டு, 'வயதாகிவிட்டது' என்று சொல்லிவிடுவதும் எளிது. அந்த ஒரு சொல்லில் ஒரு வரலாறே புதைந்து போகிறது.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மையும் அன்று. 1556-இல் வெளிவந்த சுரங்கத் தொழில் பற்றிய தம் நூலில் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து மணந்து, எழுவரையும் நுரையீரல் நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்தார்களாம். 1930-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இந்நோய் பற்றி ஒரு பன்னாட்டு மாநாடே கூடியது. அங்கும் தங்கச் சுரங்கங்கள், அங்கும் அதே தூசி.

நம் நாட்டின் மருத்துவ வரலாற்றில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் பதிவாகியது கோலார் தங்க வயலில்தான். 1940-களில் அங்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் நுரையீரல் பரிசோதிக்கப்பட்டது. 1947-இல் அதன் முடிவுகள் வெளியாயின. பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் அதிகமானோரிடம் இந்நோய் காணப்பட்டது. நாடு விடுதலை பெற்ற அந்த ஆண்டிலேயே இந்த உண்மை அச்சில் வந்துவிட்டது.

கேள்வியைக் கற்பிக்கும் கல்வி

இங்கே ஒரு கல்வித்துறையைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. உடல்நலம், முதுமை ஆகியவற்றின் சமூகப் பக்கத்தை ஆராயும் துறை அது. சமூக மருத்துவம், மருத்துவச் சமூகவியல், சமூக முதுமையியல் என்று அதற்குப் பல கிளைகள் உண்டு. புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்திற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிலையமும், மக்கள்தொகை ஆய்வுக்கான பன்னாட்டு நிலையமும் உள்ளன. கோலார் தங்க வயலிலிருந்து அதிகத் தொலைவில்லாத வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி கிராமங்களுக்கே சென்று மக்கள் நலத்தைப் பயிற்றுவித்து வருகிறது. ஆயினும் நம் இளைஞர்களிடம் 'என்ன படிக்கப் போகிறாய்?' என்று கேட்டால் இத்துறையின் பெயர் அவர்கள் வாயிலிருந்து அரிதாகவே வரும்.

இத்துறை எதைக் கற்பிக்கிறது? சுருங்கச் சொன்னால், கேட்க மறந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்பிக்கிறது. இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி, 1700-இல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். தம் வீட்டுக் கழிவுநீர்க் குழியைச் சுத்தம் செய்த ஒரு மனிதரின் கண்கள் படும் பாட்டைக் கண்டதே அந்நூல் பிறக்கக் காரணம் என்று அவர் கூறுகிறார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று பண்டை மருத்துவர்கள் வகுத்த கேள்விகளோடு அவர் ஒன்றைக் கூட்டினார்: 'நீ என்ன வேலை செய்கிறாய்?' ஏழையின் குடிசையில் கிடைக்கும் முக்காலியிலேயே அமர்ந்து, அவசரமின்றி இதைக் கேட்க வேண்டும் என்றும் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார்.

அந்தக் கேள்வி பிற்காலத்தில் விரிந்தது. 1967-இல் தொடங்கிய 'ஒயிட்ஹால்' ஆய்வு லண்டனின் அரசு அலுவலர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் பசியால் வாடியவர் எவருமில்லை, தூசியில் உழைத்தவரும் இல்லை. ஆயினும் பதவி ஏணியில் ஒவ்வொரு படி இறங்க இறங்க, இதய நோயால் இறப்போரின் விகிதம் ஏறிக்கொண்டே போயிற்று. வறுமைக்கும் செல்வத்துக்கும் இடையில் மட்டுமன்றி, ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் இடையிலும் ஆயுள் வேறுபடுகிறது என்பது தெரியவந்தது.

நம் அருகிலுள்ள மைசூரும் இத்துறைக்கு ஒரு பாடத்தை அளித்திருக்கிறது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை முதலிய விவரங்கள் கவனமாக எழுதி வைக்கப்பட்டிருந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் அக்குழந்தைகளை நடுத்தர வயதினராகத் தேடிச் சென்று பரிசோதித்தனர். எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இதய நோய் மிகுதியாகக் காணப்பட்டதாக 1996-இல் அறிவித்தனர். ஆக, முதுமை அறுபதாம் வயதில் தொடங்குவதில்லை. தாயின் பசியிலேயே அதன் முதல் அத்தியாயம் எழுதப்பட்டுவிடுகிறது. அன்று ஏடுகளில் எடையை எழுதியவர்கள் பிற்காலத்தில் இவை இப்படிப் பயன்படும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். கடமையை ஒழுங்காகச் செய்தார்கள். அந்த ஒழுங்கே பின்னால் அறிவாக மலர்ந்தது.

இன்று நம் நாட்டிலும் முதுமை பற்றிய பேராய்வு நடைபெறுகிறது. மும்பை மக்கள்தொகை நிலையம் முன்னின்று நடத்தும் ஆய்வின் முதல் சுற்றில், 2017-18-இல், 45 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 72,000 பேர் சந்திக்கப்பட்டனர். உடல்நிலை மட்டுமன்றி, வேலை, வருவாய், குடும்பம், யாருடன் வாழ்கிறார்கள் என்பனவெல்லாம் கேட்கப்பட்டன.

மூவகைத் துன்பம்

'எல்லாம் அவரவர் வினைப்பயன். இதில் ஆராய்ச்சி எதற்கு?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இதற்கு நம் தத்துவ மரபிலேயே விடை இருக்கிறது.

ஈசுவரகிருஷ்ணர் இயற்றிய சாங்கிய காரிகை, துன்பம் மூவகை என்ற செய்தியோடுதான் தொடங்குகிறது. தன் உடலாலும் மனத்தாலும் வருவது ஆத்யாத்மிகம். பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். இயற்கை, தெய்வ ஆற்றல்களால் வருவது ஆதிதைவிகம். இந்தப் பாகுபாடு ஏன் தேவைப்பட்டது? எல்லாத் துன்பமும் ஒரே வகை என்றால் மூன்று பெயர்கள் எதற்கு? துன்பத்தை நீக்க விரும்புகிறவன் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும் என்பதே இதன் கருத்து. நம் பொய்யாமொழிப் புலவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயை அறிவதோடு நில்லாமல் அதன் முதற்காரணத்தையும் நாட வேண்டும் என்றே கூறுகிறார்.

சுரங்கத் தொழிலாளியின் மூச்சிரைப்பு எந்த வகை? அது அவரது உடலில் நிகழ்கிறது, ஆகவே ஆத்யாத்மிகம் போலத் தோன்றுகிறது. பாறையின் இயல்பால் வருகிறது, ஆகவே ஆதிதைவிகம் என்றும் வாதிடலாம். ஆனால் நீர் பாய்ச்சித் துளையிட்டால் தூசி குறையும். காற்றோட்டம் மிகுந்தால் குறையும். வேலை நேரத்தைச் சுருக்கினால் உடலில் சேர்வது குறையும். இவற்றைச் செய்வதும் செய்யாது விடுவதும் மனிதரின் கையில் உள்ளது. மனிதர் முடிவு செய்யக்கூடிய அளவுக்கு அத்துன்பம் ஆதிபௌதிகமே. அதை ஊழின் கணக்கில் எழுதுவது, ஒருவர் பட்ட கடனை இன்னொருவர் பெயரில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

வினைக் கொள்கை பொய் என்று இங்குச் சொல்லவில்லை. அதை எங்கே பொருத்துகிறோம் என்பதுதான் கேள்வி. தன் துன்பத்திற்கு அதைப் பொருத்திப் பார்ப்பவன் பொறுமையைப் பெறுகிறான். பிறர் துன்பத்திற்கு அதைப் பொருத்திப் பார்ப்பவன் தன் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்கிறான். 'உடல் நிலையற்றது' என்ற உண்மையும் அவ்வாறே. அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது அது ஞானம். மூச்சுத் திணறும் தொழிலாளியிடம், அவர் உழைப்பால் வாழ்ந்தவர்கள் சொல்லும்போது அது கொடுமை.

செல்வரின் முதுமை

மேலைநாட்டுத் தத்துவத்திலும் இவ்வினா மிகப் பழையது. பிளேட்டோவின் 'குடியரசு' உரையாடலின் தொடக்கத்தில் செஃபாலஸ் என்ற முதியவர் வருகிறார். முதுமை தமக்குச் சுமையாக இல்லை என்கிறார். முதுமையைக் குறைகூறுவோரிடம் உண்மையில் குறைபட்டது வயதன்று, குணமே என்பது அவர் கட்சி. சாக்ரடீஸ் விடவில்லை. 'உங்கள் முதுமையை எளிதாக்கியது உங்கள் குணமன்று, உங்கள் செல்வமே என்று மக்கள் சொல்வார்களே!' என்று தூண்டுகிறார். செஃபாலஸ் நேர்மையோடு ஒப்புக்கொள்கிறார்: நல்லவனுக்கும் வறுமையில் முதுமை எளிதன்று, தீயவனுக்குச் செல்வம் இருந்தும் நிம்மதி வராது.

இது நடுநிலையான விடை. ஆனால் இதையும் கடந்து ஒன்றைக் கேட்க வேண்டும். செஃபாலஸின் குடும்பச் செல்வம் ஒரு கேடயப் பட்டறையிலிருந்து வந்தது. அதில் உழைத்தவர்கள் அடிமைகள். அவர்களின் முதுமை எப்படி இருந்தது என்று அந்த உரையாடலில் எவரும் கேட்கவில்லை. ஒருவரது அமைதியான முதுமையும் வேறொருவரது சிதைந்த முதுமையும் ஒரே பட்டறையிலிருந்து பிறக்கக்கூடும். முதுமையின் சமூகப் பக்கம் என்று நாம் கூறுவது இந்தத் தொடர்பையே.

நான்காவது உறுப்பு

மருத்துவம் நான்கு உறுப்புகளால் ஆனது என்பது நம் முன்னோர் கொள்கை. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்று சரகரும் எண்ணுகிறார், வள்ளுவரும் எண்ணுகிறார். நான்காமவரைச் சேர்த்ததில்தான் அவர்களது நுண்ணறிவு விளங்குகிறது. மருந்தை வேளைக்குக் கொடுப்பவர், எழுப்பி உட்கார வைப்பவர், பேச்சுத் துணையாக இருப்பவர் இல்லாதபோது மற்ற மூன்றும் பயனற்றுப் போகின்றன.

சுரங்கங்கள் மூடப்பட்ட பின் கோலார் தங்க வயலில் மிகவும் பாதிக்கப்பட்டது இந்த நான்காவது உறுப்பே. ஊரில் வேலையில்லை. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் ரயில்களில் ஒவ்வொரு நாளும் விடியுமுன் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் புறப்படுகின்றனர், இருட்டிய பின் திரும்புகின்றனர். ஊதியம் அங்கே, பெற்றோர் இங்கே. பகல் முழுவதும் லைன் வீடுகளில் இருப்போர் முதியவர்களும் குழந்தைகளும். ஒரு காலத்தில் புகழ்பெற்று விளங்கிய நிறுவன மருத்துவமனையும் சுரங்கத்தோடு தன் பழைய நிலையை இழந்தது.

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அறநூல்கள் அதற்கு முன்பே கூறிவிட்டன. ஆனால் நாளொன்றில் நான்கைந்து மணி நேரத்தை ரயிலிலும், பத்து மணி நேரத்தை வேலையிலும் செலவிடும் ஒரு மகளிடம் நன்றியுணர்வு பற்றி நாம் உபதேசம் செய்வது எவ்வளவு பொருந்தும்? அவளிடம் அன்பு குறையவில்லை. அன்பைச் செலுத்தும் நேரத்தை அவளிடமிருந்து வாழ்க்கை அமைப்பு எடுத்துக்கொண்டுவிட்டது. அமைப்பின் குறையைத் தனிமனிதரின் குணக்குறையாகக் காண்பதும், வினைப்பயன் என்று ஒதுக்குவதைப் போன்ற இன்னொரு தப்பித்தலே. அண்டை அயலார் முறைவைத்துச் சென்று பார்ப்பதும், பகல் நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றை நடத்துவதும், பக்கத்திலேயே வேலைவாய்ப்பை உண்டாக்குவதும் அறச்செயல்களே.

அறிவு தரும் கடன்

இத்துறையைப் பயில விரும்பும் இளைஞர்கள் ஒரு கடினமான உண்மையையும் எதிர்கொள்ள வேண்டும். 1947-இலேயே தூசியின் கொடுமை அச்சில் வந்துவிட்டது. அதன் பின்னும் சுரங்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. அறிவு கிடைத்துவிட்டால் துன்பம் தானே நீங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. நம் மரபில் ஞானம் என்பது அறிபவனையே மாற்றுவது. அறிந்த பின்னும் அறியாதவனைப் போலவே வாழ்ந்தால் அது வெறும் செய்தி. இந்த அளவுகோலை ஒரு தனிமனிதனுக்கு மட்டுமன்றி ஒரு சமுதாயத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம்.

ஆய்வாளரின் கேள்வியும் ஒரு கடனே. ஓர் ஆய்வு மாணவர் லைன் வீட்டின் திண்ணையில் அமர்ந்து, 'ஐயா, எத்தனை வருஷம் சுரங்கத்தில் இறங்கினீர்கள்?' என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுகிறார். மாணவருக்குப் பட்டம் கிடைக்கிறது. பெரியவருக்குக் கிடைத்தது என்ன? கேட்டதை உரியவர்களிடம் கொண்டு சேர்ப்பதும், ஆய்வின் முடிவை அவர் மொழியில் அவரிடமே திரும்பச் சொல்வதும், அவருக்குச் சேர வேண்டிய உதவித்தொகைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதுமாவது அந்தக் கடனின் வட்டியாக அமையும். அதோடு, அவரை நோயின் எடுத்துக்காட்டாக மட்டும் பார்க்காதிருப்பதும் அவருக்குச் செலுத்தும் மரியாதை. பாறையின் ஓசையைக் கேட்டே ஆபத்தை உணரும் அறிவு அவரிடம் உண்டு. இருளில் தோழனின் உயிரைக் காத்த வரலாறு இருக்கலாம். நுரையீரலின் நிழற்படத்தில் இவை பதிவாவதில்லை.

இவ்வகையில் நம் உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த ஒரு தீர்ப்பு நினைவுகூரத்தக்கது. கல்நார்த் தொழிலாளர்கள் பற்றிய அவ்வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அவரது வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலை முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஊதியம் கொடுத்த நாளோடு கடன் தீர்ந்துவிடவில்லை என்னும் அறம் இதில் பொதிந்துள்ளது. தூசி இருபது ஆண்டுகள் காத்திருந்து வேலை செய்யுமானால், பொறுப்பும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் அல்லவா? நிறுவனமே மூடப்பட்டாலும் அதன் உழைப்பால் பயன்பெற்ற சமுதாயம் மூடப்படுவதில்லை.

கோலார் தங்க வயலில் இன்றும் பெரிய சயனைடு மேடுகள் எழுந்து நிற்கின்றன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய பாறைத் துகள்கள் அவை. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. அவற்றில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. கழிவில் கலந்திருக்கும் துளித் தங்கத்தையும் தேடி எடுக்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. இது நல்லதே, வேலையும் கிடைக்கட்டும். அதே திறமையோடு, அதே அக்கறையோடு, அந்த மேடுகளின் நிழலில் வாழும் முதியவர்களின் மூச்சையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

இரண்டு பார்வைகளும் தேவை

முடிவாக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். பொதுவான உண்மையும் தனிப்பட்ட உண்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 'எனக்கும் முதுமை வரும்' என்று உணர்பவரே முதியவரின் அருகில் அருவருப்பின்றி அமர முடியும். 1969-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், முதியோரை இழிவாக நடத்தும் மனப்போக்கிற்கு ஒரு தனிப் பெயரே சூட்டினார். பிற வேற்றுமைகளில் இழிவு செய்பவன் எதிர்ப் பக்கத்திற்குப் போக வேண்டியதில்லை. இதில் மட்டும், நீண்ட நாள் வாழ்ந்தால் அவனும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். இதை மறவாமல் இருக்கத் தத்துவம் உதவுகிறது.

'இவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு விரைவில்?' என்று கேட்பவரே அத்துன்பம் அடுத்த தலைமுறைக்கு வராமல் தடுக்க முடியும். இதைக் கேட்கச் சமூகவியல் கற்பிக்கிறது. முதற்பார்வை மட்டும் இருந்தால் கருணை சோம்பலாகிவிடும். இரண்டாம் பார்வை மட்டும் இருந்தால் மனிதர் எண்களாகிவிடுவர்.

பெங்களூர், மைசூர், சென்னை என்று மேற்படிப்புக்குப் புறப்படும் கோலார் தங்க வயலின் பிள்ளைகளில் சிலராவது இத்துறையைத் தேர்ந்தெடுக்கட்டும். கேட்க வேண்டிய கேள்விகளை அவர்கள் நூலகத்தில் தேட வேண்டியதில்லை. அவை அவர்கள் பாட்டனாரின் இருமலிலேயே இருக்கின்றன. பல்கலைக்கழகம் செல்ல இயலாத நாமும் ஒன்றைச் செய்யலாம். நம் தெருவில் கோலூன்றி நடக்கும் ஒரு பெரியவரிடம், 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'ஐயா, நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?' என்றும் கேட்போம். விடை முடியும் வரை அவர் அருகில் அமர்ந்திருப்போம்.